கடிகாரம் போட்ட ஒரே இசைத்தட்டு

அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்தவர் ஒரு டிரம்பெட்காரர். ஒருநாள் ஒத்திகை நடுவே மின்சாரம் போய்விட்டது. மற்றவர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு மெழுகுவத்தி தேடப் போனார்கள். இவர் மட்டும் இருட்டில் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளிச்சத்தோடு திரும்பியவர்கள், ஓடுகிற பஸ்ஸில் தொற்றுகிற மாதிரி விட்ட இடத்திலிருந்து ஏறிக்கொண்டார்கள். "இவன் மனுஷன் இல்லப்பா, கடிகாரம்" என்றார் டிரம்பெட்காரர். அப்போது இவருக்கு வயது இருபத்தொன்று. அந்தப் பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பகலில் அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்து மூன்று வருஷம் ஒரே கம்பெனி. மொட்டைமாடி மோட்டார் அறையில் நின்றபடி, கம்பிவடம் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தப் புல்லியில் கிரீஸ் வற்றியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மேலதிகாரி ஒருவர் இதை நம்பாமல் கழற்றிப் பார்த்து, கிரீஸோடு சேர்ந்து மூக்கிலும் கரி பூசிக்கொண்டு இறங்கினார். சாயங்காலமானால் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

அவர் வாசித்தது போஸ்ட்-பாப் என்கிற ஜாஸ். பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. எழுந்து ஆடுவதற்கான ஜாஸ் அல்ல அது; உட்கார்ந்து காது கொடுப்பதற்கானது. அதில் டிரம்ஸ்காரர் உப்புக்குச் சப்பாணியாகப் பின்வரிசையில் தட்டிக்கொண்டிருக்க மாட்டார். பியானோ ஒன்று சொன்னால் "அப்படியா?" என்று கேட்பார். சாக்ஸபோன் பெருமையடித்தால் காலை வாரிவிடுவார். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசியும் சண்டை வராத வீடு மாதிரி.

அந்த வீட்டில் பியானோ, அவருடைய மைத்துனர். இருவருக்கும் ஒரே வயது. முதலில் சிநேகிதர்கள், பிறகுதான் உறவு. சிநேகிதன் வீட்டில் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற தங்கை வந்து கதவைத் தட்டுவாள், சத்தத்தைக் குறைக்கச் சொல்லி. தட்டித் தட்டியே பழக்கமாகிக் கல்யாணத்தில் முடிந்தது. "எந்தச் சத்தம் வேண்டாம்னு சொன்னேனோ அதையே கட்டிக்கிட்டு வந்துட்டேன்" என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்வாள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. பிள்ளைகள் இல்லை; மைத்துனருக்கு மட்டும் ஒரு மகள். மைத்துனர் வாரத்தில் நான்கு நாள் இவர்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். நகமும் சதையும் என்பார்கள் இருவரையும்.

நாற்பத்தெட்டு வருஷத்தில் கடிகாரம் வாசித்த இசைத்தட்டுகள் முப்பதுக்கு மேல். எல்லாம் மற்றவர்கள் பெயரில் வந்தவை. அட்டையின் பின்பக்கம், கடைசி வரிக்கு முந்தைய வரியில், பொடி எழுத்தில் இவர் பெயர் இருக்கும். அவருக்கு அதில் குறையில்லை. அவர் அவற்றைக் கேட்டதும் இல்லை. "நான் வாசிச்சதை நானே கேக்கறது, கண்ணாடி முன்னால உட்கார்ந்து சாப்பிடற மாதிரி" என்பார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழெட்டு வருஷம் கழித்து இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. நரம்பு எங்கேயோ அழுந்துகிறது என்றார் டாக்டர். அறுவை செய்தாலும் பாதிதான் சரியாகும் என்றார். கடிகாரம் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் டிரம்ஸைத் தொடவில்லை. பிறகு தொட்டபோது வேறு மாதிரி வாசித்தார். பத்து அடி அடிக்கிற இடத்தில் மூன்றே அடித்தார். அந்த மூன்றையும் எங்கே வைப்பது என்று யோசித்து வைத்தார். இவ்வளவு நாளாக எத்தனை அடிகளை வீணாக அடித்துத் தள்ளியிருக்கிறோம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு சிறிய இசைத்தட்டுக் கம்பெனி அவரைக் கூப்பிட்டது. உங்கள் தலைமையில், உங்கள் பெயரில், உங்கள் பாடல்களோடு ஒன்று செய்யலாமா என்றார்கள். அவருக்கு வயது அறுபத்தெட்டு. அவர் மைத்துனரைத்தான் பார்த்தார். "என்னை ஏன்டா பாக்கறே? சரின்னு சொல்லு" என்றார் மைத்துனர்.

இசைத்தட்டின் பெயரை முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்: 'இரண்டு மாடிகளுக்கு நடுவே.' நாற்பது வயதில் ஒருமுறை, பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில், நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்டோடு இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டார். கூட யாரும் இல்லை. மேலே யாரோ நடந்தார்கள். எங்கோ ஒரு குழாய் சொட்டியது. சுவருக்குள் காற்று ஏறி இறங்கியது. வெளியே வந்தபோது எல்லோரும் பாவம் என்றார்கள். அவரோ, பிறந்ததிலிருந்து அன்றுதான் முதன்முதலாக எதையாவது ஒழுங்காகக் கேட்டதுபோல் இருந்தார். அந்தப் பெயருள்ள பாடலின் நடுவில் அவர் தனியாக வாசிக்கிற பகுதி வரும். மைத்துனர், சாக்ஸபோன்காரர், ஆளுயரத் தந்தி வாத்தியமான பேஸை வாசிப்பவர் என்று மற்ற மூவரிடமும் ஒத்திகையில் சொன்னார்:

"நடுவுல பதினொரு விநாடி ஒண்ணுமே இருக்காது. யாரும் உள்ள வந்துடாதீங்க. நான் முடிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. அதுவும் வாசிப்புதான்."

"லிஃப்ட் நின்னு போச்சுன்னு சொல்றே" என்றார் பேஸ் வாசிப்பவர்.

"நின்னு போகல. நிக்குது."

ஒலிப்பதிவு இரண்டு நாள் நடந்தது. அந்தப் பாடலை மூன்றாவது தடவையில் பிடித்தார்கள். பஞ்சு சுற்றிய குச்சிகளால் பெரிய தோலில் மெதுவாக நடந்து, ஓரிடத்தில் கையை எடுத்தார். பதினொரு விநாடி. பிறகு விளிம்பில் ஒரே ஒரு தட்டு. அங்கிருந்து மெல்ல ஏறிக்கொண்டே போய் மற்றவர்களிடம் ஒப்படைத்தார். முடிந்ததும் பேஸ்காரர் தன் வாத்தியத்தின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். "பெரியவரே, இனிமே இதைத் தொடாதீங்க" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மைத்துனர். "எதுக்கும் இன்னொண்ணு எடுத்து வச்சுக்கலாமே, ஒரு பாதுகாப்புக்கு."

"வேண்டாம் மச்சான். இது போதும்."

வாழ்க்கையில் தான் வாசித்தவற்றில் அதுதான் நல்லது என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவருக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சத்தங்களைச் சேர்த்துச் செப்பனிடுகிற வேலையை வழக்கம்போல் மைத்துனரிடம் விட்டுவிட்டார். ஒப்புதல் தாளை அவர் நீட்டியபோது படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். "உன் காது என் காது" என்றார்.

நான்கு மாதம் கழித்து இசைத்தட்டு வந்தது. முன்னட்டையில் அவர் முகம். மனைவி அதை அலமாரியில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் நிறுத்திவைத்தாள். ஒரு பத்திரிகை, 'அறுபத்தெட்டு வயதில் முப்பது வயதுக் கை' என்று எழுதியது. மைத்துனர் சாப்பாட்டு மேஜையில் அதை உரக்க வாசித்தார். கடிகாரம் சிரித்தார். பத்திரிகைக்காரர்கள் காதில் வாங்குவது ஒன்று, கையில் எழுதுவது ஒன்று என்று நினைத்துக்கொண்டார். மனைவி அந்தத் துண்டை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். மறுநாளே எடுத்துவிட்டாள். ஏன் எடுத்தாள் என்று அவர் கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை வானொலியில் பேட்டி. நேரடி ஒலிபரப்பு. அறிவிப்பாளர் மரியாதை தெரிந்தவர். தண்ணீர் வைத்து, நாற்காலியைச் சரிசெய்து, ஹெட்போனையும் மாட்டிவிட்டார். கால்மணி நேரம் லிஃப்டைப் பற்றியும் ஜாஸைப் பற்றியும் பேசினார்கள். பிறகு, "இப்போ எல்லாரும் பேசிக்கிட்டிருக்கற அந்தத் தனி வாசிப்பைக் கேக்கலாம்" என்று அறிவிப்பாளர் பொத்தானை அழுத்தினார்.

முதலில், வேறு யாருடைய இசைத்தட்டையோ தவறிப் போட்டுவிட்டார்கள் என்றே அவர் நினைத்தார். பஞ்சுக்குச்சி இல்லை. மரக்குச்சி. மழை பிடித்தாற்போல் அடிகள் விழுந்தன. இடது கை பறந்தது. பிறகு சிம்பல், அந்த வெண்கலத் தட்டு, ஒலித்தது.

அந்தச் சிம்பலை அவருக்குத் தெரியும். அதிர்வதற்காக அதில் மூன்று ஆணிகள் பதித்திருக்கும். ஒன்று விழுந்துபோய் இரண்டுதான் மிச்சம். அதனால் அடித்தால் ஒரு சீறல் எழுந்து, பாதியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடங்கும். உலகத்தில் இன்னொரு சிம்பல் அப்படிச் சாயாது. எட்டு வருஷத்துக்கு முன் அது விளிம்பில் விரிசல் விட்டது. இப்போது அவர் வீட்டுப் பால்கனியில், செம்பருத்தித் தொட்டிக்கு அடியில், தண்ணீர் வடிகிற தட்டாக இருக்கிறது.

அவருக்குப் புரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே நால்வரும் இதே ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓர் இசைத்தட்டு ஆரம்பித்துப் பாதியில் கைவிட்டார்கள். அதிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பதினொரு விநாடி எங்கேயும் இல்லை.

"எப்படிங்க இந்த வேகம்? இந்த வயசுல?" என்றார் அறிவிப்பாளர்.

"அதை வாசிச்ச ஆளைத்தான் கேக்கணும்."

அறிவிப்பாளர் சிரித்தார். தன்னடக்கம் என்று நேயர்களுக்கு எடுத்துச் சொன்னார். இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருந்தது. கேள்விகளுக்கெல்லாம் அவர் பதில் சொன்னார். என்ன சொன்னோம் என்று பிறகு அவருக்கே நினைவில்லை.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்குப் போனார். தொட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அடியிலிருந்ததைக் கையில் எடுத்தார். மண்கலந்த தண்ணீர் சட்டையில் வழிந்தது.

"இப்பதான் தண்ணி ஊத்தினேன்" என்றாள் மனைவி பின்னாலிருந்து. உள்ளே வானொலி அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

"இது இங்க இருக்கு. அப்புறம் எப்படி அங்க வாசிச்சுது?"

அவள் பால்கனிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு இரண்டாவது அடி விழுந்தது. அதுவரை அவர் சந்தேகம் மைத்துனரோடு நின்றிருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"அண்ணன் வந்து சொன்னாரு. நீங்க கை டாக்டர்கிட்ட போயிருந்த அன்னைக்கு."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னு சொன்னேன்." பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த குரல். "தினம் காலையில சட்டைப் பட்டன் போட நீங்க படற பாடு எனக்குத்தானே தெரியும்? அதை ஊரே கேட்டுட்டு, பாவம் கை போயிடுச்சுன்னு சொல்லக் கூடாதுன்னு நினைச்சேன்."

"ரெண்டையும் கேட்டியா?"

"அண்ணன் போட்டுக் காட்டினாரு."

"எது நல்லா இருந்துச்சு?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். நாற்பது வருஷத்தில் சமையலுக்கும் சட்டைக்கும் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். "பழசுதான்" என்றாள்.

அவர் சிம்பலைத் தரையில் வைத்துவிட்டு, ஈரச் சட்டையோடேயே படியிறங்கிப் போனார்.

மைத்துனர் ஒரு பியானோக் கடையின் மாடியில் இருந்தார். விற்பனைக்கு வரும் பழைய பியானோக்களுக்குச் சுருதி கூட்டுவது அவருடைய பகல் வேலை. பலகையைக் கழற்றிவிட்டுக் கம்பிகளுக்குள் குனிந்திருந்தவர், படிச்சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டார்.

"பேட்டி கேட்டேன்" என்றார் திரும்பாமல். "தெரிஞ்சிடுச்சுன்னு அப்பவே தோணுச்சு."

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

"வேற ஆளையா கூட்டிட்டு வந்தேன்? அதுவும் நீதானேடா."

"உயிரோட உட்கார்ந்திருக்கறவனை எழுப்பி விட்டுட்டு அவனோட பழைய போட்டோவை நாற்காலியில வச்சிருக்கே. இது எதுக்கு மச்சான்? போட்டோ மாட்டற அளவுக்கு நான் போயிட்டேனா?"

மைத்துனர் சுருதிச் சாவியைக் கீழே வைத்தார். "உன் பேர்ல வர்ற முதல் தட்டு. ஒருவேளை கடைசித் தட்டு. அதுல நீ தடுமாறினா நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

"தடுமாறல. அந்தப் பதினொரு விநாடி நான் வேணும்னு விட்டது. உன்கிட்டதானே முதல்ல சொன்னேன்."

"சொன்னே." மைத்துனர் ஒரு கம்பியை விரலால் சுண்டினார். "உண்மையைச் சொல்லட்டுமா? அது உன் கைக்கு நீயே சொல்லிக்கிட்ட சாக்கு. வேகமா வாசிக்க முடிஞ்சிருந்தா நீ நிறுத்தியிருக்கவே மாட்டே."

 அதில் பாதி உண்மை இருந்தது. கை சரியாக இருந்திருந்தால் அந்த வழிக்கே கடிகாரம் வந்திருக்க மாட்டார். ஆனால் வந்து சேர்ந்த இடம் அவருடையது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொல்லாமலே புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள்தான் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டிருக்கலாமே" என்றார் கடைசியில். "ஒரு வார்த்தை."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

மறுநாள் அவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். அங்கே பதிவு செய்கிற பெண்மணி, அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, உங்களுக்குத் தெரியும்னுதான் சொன்னாங்க. உங்க கையெழுத்தும் இருந்துச்சு" என்றாள். அழிக்காமல் வைத்திருந்த அசலைத் தேடி எடுத்துப் போட்டாள்.

தன் வாசிப்பை அவராக விரும்பி உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் நினைத்திருந்த அளவுக்கு அது அற்புதமாக இல்லை. பின்பாதியில் இரண்டு இடத்தில் இடது கை பிந்தி விழுந்தது. அன்று அவருக்கு அது தெரியவேயில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பதினொரு விநாடியும் வந்து போயிற்று.

"எப்படி இருக்குங்கய்யா?"

"ரெண்டு இடத்தில தப்பு. ஆனா ஆள் நான்தான்."

கம்பெனிக்குப் போன் செய்து, அடுத்த அச்சிலாவது அசலைப் போடுங்கள் என்று கேட்டார். இப்போதிருப்பதையே எல்லோரும் விரும்பிக் கேட்கிறார்கள், எதற்குக் கை வைக்கவேண்டும் என்றார்கள். வெளியே சொன்னால், உடன் வாசித்தவர்கள் பெயரும் கெடும். கையும் களவுமாகப் பிடித்தும், பிடித்ததை யாரிடமும் காட்ட முடியவில்லை.

வெளியீட்டுக் கச்சேரி மூன்று வாரம் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. வாசிக்க மாட்டேன் என்றுதான் முதலில் இருந்தார். மனைவி வற்புறுத்தவில்லை, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள், அவ்வளவுதான். பேஸ்காரர் வந்து, உங்கள் சம்மதத்தோடுதான் மாற்றியதாக எங்களிடமும் சொன்னார்கள் என்று சொல்லிப் பேசினார். கடைசியில் மைத்துனரே போன் செய்தார்.

"நீ எழுதினபடி வாசிப்போம் மச்சான். நீ நிறுத்து. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிறுத்து. நான் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். சத்தியம்."

நாற்பத்தெட்டு வருஷத்துக்காக ஒரு தடவை நம்பலாம் என்று அவர் நினைத்தார்.

அரங்கில் இருநூறு பேர் இருந்தார்கள். முதல் வரிசையில் மனைவி. நான்கு பாடல்கள் நன்றாகவே போயின. ஐந்தாவது, அந்தப் பாடல். பஞ்சுக்குச்சிகளை எடுத்தார். பெரிய தோலில் மெதுவாக நடந்தார். இசைத்தட்டைக் கேட்டுவிட்டு வந்த கூட்டம் மழைக்காகக் காத்திருந்தது. அவர் கையை எடுத்தார்.

இரண்டு விநாடி. மூன்று. யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. நான்கு. கூரையில் எங்கோ மின்விசிறி ஒன்று சுற்றுவது அவர் காதில் விழுந்தது. ஐந்து. கூட்டம் உண்மையாகவே கேட்கத் தொடங்குவதை உணர்ந்தார், இருமல் நின்றுவிட்டது.

ஆறாவது விநாடியில் பியானோ உள்ளே வந்தது.

மிக மென்மையான, மிக அழகான ஒரு தொடுகை. விழப்போகிறவனைத் தோளில் தாங்குவது மாதிரி. பேஸ்காரர் சட்டென்று தலையை நிமிர்த்தினார். கடிகாரத்தின் கைகள் அவரைக் கேட்காமலேயே அந்தப் பியானோவுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டன, பழக்கம். இருவரும் வாசித்து முடித்தார்கள். கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. பலர் எழுந்து நின்றார்கள்.

மேடைக்குப் பின்னால் மைத்துனரின் கண்கள் கலங்கியிருந்தன. "எனக்குத் தாங்கல மச்சான். எல்லாரும் உன்னையே பாத்துட்டிருந்தாங்க."

"ஆமா. பாத்துட்டுத்தான் இருந்தாங்க" என்றார் கடிகாரம். குச்சிகளைப் பையில் போட்டு நாடாவை இழுத்துக் கட்டினார். அதற்குப் பிறகு மைத்துனரோடு ஒரே மேடையில் உட்கார்ந்ததில்லை.

பேஸ்காரரும் சாக்ஸபோன்காரரும் இவர் பக்கம் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், ஒரு மரச்சாமான் கடையின் பின்கூடத்தில், பியானோ இல்லாமல் மூவரும் வாசிக்கிறார்கள். முப்பது நாற்காலி, பாதி காலி. வருகிறவர்களில் சிலர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்பார்கள். போட்டுக்கொடுப்பார். "அஞ்சாவது பாட்டை மட்டும் விட்டுட்டுக் கேளுங்க" என்பார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று அவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள்.

மனைவி ஒரே ஒருமுறை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்த நேரத்தில் அவள் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினாள். அவர் பார்த்துவிட்டார். வீட்டில் சண்டை இல்லை. மாத்திரையைப் பிரித்து வைப்பாள், அவர் விழுங்குவார். பட்டன் வைத்த சட்டைகளை மட்டும் அவர் அணிவதில்லை. தலைவழியே மாட்டுகிற பனியன்கள் வாங்கிக்கொண்டார். அது எதற்கென்று இருவருக்கும் தெரியும்.

மைத்துனர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாமன் போகாமல் இருக்க முடியாது, போனார். பந்தியில் மைத்துனர் தேடிவந்து அவர் அருகில் நின்றார். முடி நன்றாக நரைத்திருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், "கை எப்படி இருக்கு மச்சான்?" என்று கேட்டார்.

"என்னை ஏன் கேக்கறே? உனக்குத்தானே எல்லாம் தெரியும்."

மைத்துனர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. யாரோ கூப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டு நகர்ந்தார். கடிகாரம் சாப்பாட்டை முடித்தார். மணமக்களை வாழ்த்தினார். மனைவி அண்ணனிடம் பேசிவிட்டு வரட்டும் என்று வாசலில் போய் நின்றார். அவள் வர நேரமாயிற்று.